ஆளுயரக் கன்றுகள்

இன்று காலை உருக்காலைப் புகை எங்கள் நாற்றுப்பண்ணை வரை வந்துவிட்டது. மழை ஈரத்தில் மேலே எழாமல் தரையோடு படுத்துக்கொண்டது. மற்றவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு உன் இருமல் நினைவுக்கு வந்தது.

எட்டாவதோடு பள்ளியை விட்டு இங்கே வந்தபோது, கன்று வளர்க்கும் பிளாஸ்டிக் கவரில் மண் நிரப்பும் வரிசையில் உன் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான் யாரோடும் பேசமாட்டேன். "ஏன்டி, கவருக்குப் போடற மண்ண வாயிலயும் போட்டுக்கினயா?" என்பாய். நான் சிரித்துவிட்டால், "மண்ணு இல்லடி, பல்லு இருக்குது" என்று எல்லோருக்கும் அறிவிப்பாய்.

ஜூஜுவாடியில் உன் வீட்டுக்கும் உருக்காலைக்கும் நடுவே வெறும் பொட்டல். மரத்தின் கட்டையே காற்றிலிருந்து இழுத்த கரிதான், இலை தூசியையும் பிடிக்கும் என்று சூப்பர்வைசர் ஒருமுறை சொன்னார். அதிலிருந்து அந்தப் பொட்டலில் மரம் வராதா என்றே பேசிக்கொண்டிருந்தாய். ஒரு நாள் உருக்காலைக் கம்பெனி ஆளே அங்கே நடக் கன்று பார்க்க வந்தார். புங்கன் முழங்கால் உயரம் வளர்ந்து தயாராக இருந்தது. மழையும் பெய்திருந்தது.

"அடுத்த வருசம் ஆளுயரமா எடுத்துக்கறோம். இப்ப வெச்சா தண்ணி ஊத்த, ஆடு ஓட்ட ஆள் போடணும். வீண் செலவு" என்றார்.

"அதுவரைக்கும் புகை எங்க போவும் சார்?" என்று கேட்டாய்.

"காத்துல போயிடும்மா."

"எங்க ஊட்டுக்குள்ளதான் சார் போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கன்றுகள் கவரிலேயே நின்றன. வேர் தரைக்குள் இறங்கிவிடாமல் நாம்தான் அவற்றை அடிக்கடி தூக்கி இடம் மாற்றி வைத்தோம். தை மாதத்தில் மூச்சு முட்டி உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே முடிந்துவிட்டது.

அடுத்த மழையில் ஆளுயரக் கன்றுகள் அந்தப் பொட்டலுக்கு லாரியில் போயின. கவருக்குள் வேர் சுருண்டுவிட்டிருந்ததால் பாதி, காற்றடித்ததும் சாய்ந்தன. நின்றவை இன்னும் பெரிதாக வளரவில்லை. நீ கேட்டபடி அன்றே நட்டிருந்தாலும், சில மாதக் கன்று உன் நெஞ்சுக்கு ஒன்றும் செய்திருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் உன் தங்கை இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். அன்று நட்டவை நன்றாக வேர் பிடித்து, அவளுக்கு இப்போது கொஞ்சமாவது நிழலும் மறைப்பும் இருந்திருக்கும்.

இன்று மதியம் வேறொரு கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். முழங்கால் உயரக் கன்றுகளைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருசம் வளரட்டுமே" என்றார். சூப்பர்வைசர் தலையாட்டினார்.

"இப்ப மழ இருக்குது சார். இப்பவே எடுத்துட்டுப் போயி நடுங்க" என்றேன்.

பேசியது யார் என்று அவர் வரிசையைப் பார்த்தார். நான் எழுந்து நின்று இன்னொரு முறை சொன்னேன்.