நாலாவது ஷரத்து

நவம்பர் 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். கம்பெனி பஸ் இருபது நிமிடம் லேட். ஞாயிறு சர்க்கார் வேலைப் பரீட்சை. இன்னும் ஐந்து நாள்.

செய்ய வேண்டியவை: கர்நாடகப் போர் மூன்றும் (வருடம், தளபதி, உடன்படிக்கை). ஹால் டிக்கெட் பிரிண்ட். நைனாவுக்குக் கைக்கட்டு மாற்றணும். குடைக்குக் கம்பி.

கம்பெனியில் கூட வேலை செய்யும் ரெஜினா பக்கத்து சீட். அவள் பரீட்சை எழுதவில்லை, எனக்காகப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக் கேள்வி கேட்கிறாள்.

"மெட்ராஸை பிரெஞ்சுக்காரன் புடிச்சுட்டான். திரும்ப எப்டி இங்கிலீஷ்காரன் கைக்கு வந்துச்சு?"

"அய்-லா-சபேல் உடன்படிக்கை. 1748."

"சண்டை போட்டு வாங்குனானா?"

"இல்ல. அமெரிக்கா பக்கம் லூயிஸ்பர்க்னு ஒரு கோட்டை. இங்கிலீஷ்காரன் புடிச்சு வெச்சிருந்தான். அத்தக் குடுத்துட்டு இத்த வாங்கிக்கினான்."

"மெட்ராஸ்ல இருந்தவங்கள யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"புக்குல அதெல்லாம் இல்ல."

"எங்க கேப்பான்? நம்மள லைன் மாத்தறப்ப கேக்கறானா?"

சிரித்தோம். கும்மிடிப்பூண்டி கம்பெனி கேட் வந்துவிட்டது.

வீட்டில் நைனா இடது மணிக்கட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறார். போன வாரம் ஏரியில் நடந்த அடிதடியில் துடுப்பால் விழுந்த அடி. வடக்குக் குப்பத்து ஆட்கள் நம் போட் நாலைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் அவர்கள் வலையை அறுத்துவிட்டார்கள். யார் முதலில் ஆரம்பித்தது என்று ரெண்டு பக்கமும் ரெண்டு கதை. ஒன்பது நாளாக ஒருவரும் தண்ணீரில் இறங்கவில்லை.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

சாயங்காலம் எங்கள் குப்பத்துத் தலைவர் மாமா வந்தார், நைனா டீக்கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து. ஒரு நோட்டுத் தாளில் கிறுக்கல். "கலா, சமாதானம் பேசி முடிச்சாச்சு. எழுத்துல குடுங்கன்னு ஸ்டேஷன்ல கேக்கறாங்க. உன் கையெழுத்துதான் அச்சு மாதிரி கீது. நல்லதா ரெண்டு காப்பி எழுதிக் குடும்மா." பஞ்சாயத்தில் பெண்கள் உட்காரக் கூடாது, ஆனால் பஞ்சாயத்துத் தாள் மட்டும் பெண் கையால் எழுதலாம் போல.

ஐந்து ஷரத்து. முதல் மூன்றும் ஒழுங்காக இருந்தன. நாலாவது: போட் நாலும் திரும்ப வரும். பதிலுக்கு முகத்துவாரத்துப் பாடு இந்த வருஷம் முழுக்க வடக்குக் குப்பத்துக்கு.

முகத்துவாரத்துப் பாடு நைனாவுடையது.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. வருஷம் ஒருமுறை கோயில் முன்னால் சீட்டு எடுப்பார்கள். எந்த இடம் விழுகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்கு அவரவர் பாடு. கல்யாணமான வருஷத்திலிருந்து நைனா சீட்டு எடுக்கிறார். முகத்துவாரம் விழுந்தது இந்த வருஷம்தான். கடலும் ஏரியும் சேருகிற இடம், மழைக்காலத்து இறால் முழுக்க அந்த வழியாகத்தான். சீட்டைப் பிரித்த அன்று சின்னப் பிள்ளை மாதிரி எல்லோருக்கும் காட்டினார். இது சரியாக அமையாவிட்டால் தை மாதத்திலிருந்து தொழிற்பேட்டையில் வாட்ச்மேன் வேலைக்குப் போவதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறார். காக்கிச் சட்டையில் அவரை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"நைனாவுக்குத் தெரியுமா மாமா?"

"கையெழுத்து ஆகட்டும், நானே சொல்றேன். இப்ப சொன்னா உங்கப்பன் கத்தி எடுத்துக்கினு போய்டுவான். திரும்ப சண்டை. பொண்ணு நீ, நல்லது கெட்டது தெரிஞ்சவ. வாயத் தொறக்காத."

சரி என்று தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன்?

நவம்பர் 6, வியாழன்

வேலையில் கவனம் இல்லை. கீறல் விழுந்த பீஸ் பதினொன்று என் கை தாண்டிப் போயிருக்கிறது. சூப்பர்வைசர் கூப்பிட்டுக் காட்டினார். அவமானம்.

மதிய இடைவேளையில் ரெஜினாவிடம் சொல்லிவிட்டேன். புளிசாதம் வாயிலேயே நின்றது அவளுக்கு. "அந்த நாலு போட்ல ஒண்ணு தலைவரோடதா?" ஆமாம். எனக்கு ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை!

மற்ற மூன்று போட்டும் இல்லாதவர்களுடையது. அதுவும் உண்மை. பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு நாளாக நம் வீட்டில் வந்துதான் அரிசி வாங்கிப் போகிறாள். கோபப்படக்கூட நிம்மதியாக முடியவில்லை.

இன்னொன்று. எங்கள் குப்பத்து வழக்கம்: தன் பாட்டை ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டுமானால், கூட்டத்தில் அவரே வாயைத் திறந்து 'குடுத்தேன்' என்று சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது. இதுவரை தாளில் எழுதிக் கொடுத்ததே இல்லை. இந்தத் தடவை தாள் வந்ததும் வாயை மறந்துவிட்டார்களா, வேண்டுமென்றே மறந்தார்களா?

இரண்டாம் கர்நாடகப் போர் படித்தேன். ஆற்காடு முற்றுகை. ஒன்றும் ஏறவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

இரண்டு காப்பியும் எழுதி முடித்தேன். நாலாவது ஷரத்தில் பேனா நின்றது. அந்த ஒரு வரியை விட்டுவிட்டால்? மாற்றி எழுதினால்? மாமாவுக்குச் சட்டென்று படிக்க வராது. அஞ்சு நிமிடம் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. அப்புறம் இருந்தபடியே எழுதினேன்.

கட்டு மாற்றும்போது நைனா கேட்டார். "இன்னா எழுதிக்கினே கீற?"

"பரீட்சைக்கு."

"இன்னா பாடம்?"

"ரெண்டு நாட்டுக்காரங்க சண்டை போட்டுட்டு, யாரோ ஒருத்தர் ஊரை மாத்திக்கினாங்க."

"ஊர்க்காரன் சும்மாவா இருந்தான்?"

கட்டை இறுக்கிவிட்டேன் போல, ஸ்ஸ் என்றார். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அம்மா உள்ளேயிருந்து, "ஏண்டி, பால் பொங்குது, கண்ணு எங்க கீது உனக்கு?" ஓடிப் போனேன். பால் ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

நவம்பர் 8, சனி

வெயில். நாலு மணிக்கு மீன் ஏலக் கூடத்தில் கூட்டம். ரெண்டு குப்பமும். நாங்கள் பெண்கள் வெளியே, ஐஸ் பெட்டிகள் பக்கம்.

தலைவர் மாமா தாளைக் கையில் எடுத்ததுமே வடக்குக் குப்பத்துத் தலைவர் தடுத்தார். "நீ படிச்சா நடுவுல முழுங்குவ. எழுதுனவங்களே படிக்கட்டும்." கூட்டத்தில் சிரிப்பு. மாமா என்னை உள்ளே கூப்பிட்டார். தாளைக் கொடுக்கும்போது காதருகில், "நாலாவத வேகமா படிச்சுட்டுப் போ."

ஏலக் கூடத்து நடுவில் நான் நின்றது இதுதான் முதல் முறை. தரை ஈரம். நைனா இரண்டாவது வரிசை, என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பெருமை! என்னால் தாங்க முடியவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று படித்தேன். நாலாவதை வேகமாகப் படிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். முடித்துவிட்டுத் தாளை மடித்து, "மாமா, இது நைனா வாயால சொன்னாதான் செல்லும்" என்றேன். மாமா முகம் கறுத்துவிட்டது.

கூடம் முழுக்க நைனாவைப் பார்த்தது. அவர் எழுந்திருக்கவில்லை. கத்தவும் இல்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி கேட்டார்.

"நாலு போட்டும் வருமா?"

"இப்பவே வரும்" என்றார் வடக்குத் தலைவர்.

"அப்ப குடுத்தேன்."

அவ்வளவுதான். வலது கையால் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு மாமாவைப் பார்த்து, "கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே, ஏன் ஒளிச்ச?" மாமா வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டார்.

ஆறு மணிக்குப் போட் நாலும் வந்தன. கரையில் ஒரே கூச்சல், அழுகை. நைனா பார்க்க வரவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பரீட்சை, திருவள்ளூரில் ஒரு ஸ்கூல். பஸ் மாறி மாறிப் போய் அரை மணி முன்னால் சேர்ந்தேன். கர்நாடகப் போர் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. சிந்து சமவெளியும் சதவீதக் கணக்கும்.

சுமாராக எழுதினேன். குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

நைனா நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம் பேசுகிறார், பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுகிறார். நான்தான் உண்மையை முழுக்கப் படித்தவள், வழக்கத்தை நினைவுபடுத்தியவள். என்மேல் என்ன கோபம்? கேட்கவும் பயம்.

நவம்பர் 10, திங்கள்

மேகமூட்டம். முதல் ஷிப்ட். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நைனா வாசலில் வலையைப் பிரித்துப் போட்டிருந்தார். தெற்கே சேற்றுப் பக்கம் ஒரு சின்ன இடம் கொடுத்திருக்கிறார்கள். கை ஆறினதும் போவாராம்.

செருப்பு மாட்டினேன். தலை நிமிராமலே கேட்டார்.

"தாள எப்ப எழுதுன?"

"வெள்ளிக்கெழம. மாமா குடுத்தது புதன்."

"புதன், வியாழன், வெள்ளி. மூணு நாள் நீதான் என் கைக்குக் கட்டு கட்டுன."

"ஆமா நைனா."

வலையில் ஒரு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். ஒரு கையால் வரவில்லை. நான் குனிந்தேன், வேண்டாம் என்று நகர்த்திக்கொண்டார்.

"அவன் கேக்கல, சரி. அவன் தலைவன். நீ என்னக் கேட்டிருக்கலாம் இல்ல?"