தட்டியவர்: முருகையன்

9/6 திங்கள்

காலை எட்டுக்கே வெயில் கொளுத்தல். விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் ஒலக்கூர். குடை மறந்தேன். மயிலம் வருவதற்குள் பாட்டில் தண்ணீர் காலி.

வேலை: ரைஸ் மில், பாய்லர் அறைக் கம்ப்யூட்டர். போன வருடம் நானே மாட்டியது. விசிறி கிடையாது, முழுக்க மூடிய இரும்புப் பெட்டி. உமித் தூசி, சூடு, அதிர்வு, எதற்கும் அசையாது. கையுறையோடு தட்டினாலும் திரை கேட்கும். புகார் என்னவென்றால், நீராவி அழுத்தம் எல்லை மீறினால் அலற வேண்டிய அலாரம் 'கீச்' என்று தொடங்கி உடனே அடங்கிவிடுகிறதாம். திரையில் 'பார்த்தாச்சு' பொத்தானை யாராவது தட்டினால்தான் அது அடங்கும். யாரும் தட்டவில்லை என்று சாதிக்கிறார்கள்.

பதிவைத் திறந்தேன். தினமும் 11.40 வாக்கில் அலாரம், வந்த ஒரே விநாடியில் தட்டல். தட்டியவர்: முருகையன். யார், கூப்பிடுங்கள் என்றேன்.

மேனேஜர் பாலு குரலைத் தாழ்த்தினார். "அவரு செத்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுது மேடம். பைபாஸ்ல, லாரி."

பெட்டி மேல் கை வைத்தேன். உடம்புச் சூடு. ஓடுகிற எல்லாப் பெட்டியும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் கையை எடுத்துவிட்டேன்.

10/6 செவ்வாய்

மேகம். மழை இல்லை. வாங்க: அவிக்க மல்லாட்டை அரைக் கிலோ, கொசுவத்தி, சின்ன ஸ்க்ரூ டிரைவர் (பழையது எங்கே போய்த் தொலைந்ததோ).

பாய்லரை இப்போது கவனிப்பது முருகையனின் மனைவி வள்ளி. அவர் வேலையை இவருக்கே கொடுத்திருக்கிறார்கள். கையுறையும் அவருடையதே. விரல் நுனிகள் காலியாகத் தொங்குகின்றன. அலாரம் கேட்காமல் போய் ஏதாவது வெடித்தால் முதலில் வேகப்போவது நீங்கள்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் ஆவாதுங்க மேடம். அவருதான் பாத்துக்கினு இருக்காரே."

கம்ப்யூட்டரில் இன்னும் ஏன் செத்தவர் பெயர்? பாலு தலையைச் சொறிந்தார். "பேர எடுக்க யாருக்கும் மனசு வரல மேடம்." கடைசி நாள் அவர் தன் பெயரில் திறந்தது, திறந்தபடியே கிடக்கிறது.

ஒயர், பவர், திரை. குறை ஒன்றும் இல்லை. 11.40. பெட்டிக்குப் பின்னால் தலையை விட்டிருந்தேன். வள்ளி வால்வு பக்கம், பாலு வாசலில். 'கீச்'. அடங்கியது. வள்ளி திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

11/6 புதன்

தூக்கமே இல்லை. கண் எரிச்சல். இன்று திரைக்கு முன்னாலேயே நின்றேன், 11.40 வரை, நகராமல்.

கண்டுபிடித்துவிட்டேன். திரைக்கு மேலே முருகையன் படம், அதற்குச் சந்தன மாலை. மாலை நீளம், அடியில் கனத்த குஞ்சம். அடுப்புக்குள் உமி ஊதும் மோட்டார் வேகமெடுத்தால்தான் அழுத்தம் ஏறும். அதே வேகத்தில் சுவர் அதிர்கிறது, குஞ்சம் ஆடித் திரையின் மூலையில் தட்டுகிறது. பொத்தான் அந்த மூலையில். பதினாறாம் நாள் படையல் அன்று மாட்டிய படம். பதிவில் ஒரே விநாடித் தட்டல் தொடங்கியதும் அன்றே.

வாய்விட்டுச் சிரித்தேன். பாலுவும் சிரித்தார். வள்ளி சிரிக்கவில்லை.

"அப்ப அவரு இல்லீங்களா?"

பையைத் திறந்து எதையோ தேடினேன். வெட்கமாக இருந்தது.

12/6 வியாழன்

தூறல். திண்டிவனத்தில் ரயில் இருபது நிமிடம் நின்றது.

படத்தை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். ஆணியை வள்ளியே அடித்தார். முருகையன் பெயரை எடுத்தேன். நிச்சயமாக எடுக்கவா என்று திரை கேட்டது. ஆமாம் என்று தட்டினேன். வள்ளி பெயரைப் போட்டேன்.

11.40. அலாரம் முழுசாக அலறியது. காது கிழிந்தது. வள்ளியின் கை பொத்தானுக்கு அருகே போய் நின்றுவிட்டது.

"வள்ளி, ஜல்தி தட்டிட்டு வால்வத் தொறம்மா! ஏறிக்கினே போவுது!" பாலு கத்துகிறார்.

"கொஞ்சம் இருங்க. வருவாரு."

அழுத்தம் ஏறியது. நான் ஓரடி தூரத்தில்தான் நின்றேன். என் விரல் போதும். என் கண்ணும் திரையின் அந்த மூலையில்.

பதிவில் இருக்கிறது. தட்டியவர்: வள்ளி. நாற்பத்தொரு விநாடி கழித்து.

அதுவரை நானும் முருகையனுக்காகத்தான் காத்திருந்தேன்.