எலுமிச்சம்பழம் இல்லாமல் கிளம்பிய ஹெரால்டு

என் அன்பு அப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நம் டெல்லித் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடு என்று தமிழ் மிஸ் கேட்டார். யாருக்கு என்று சொல்லவில்லை. எனக்கு உங்களுக்குச் சொல்லத்தான் சேதி இருக்கிறது. மலரில் வந்தால் ஆர்.கே.புரத்தில் பாதிப் பேர் படிப்பார்கள். படிக்கட்டும். சங்கர் மாமா மட்டும் படிக்காமல் இருந்தால் தேவலை. அவரைப் பற்றியும் உண்மையைத்தானே எழுத வேண்டும்?

உங்களுக்குத் தெரிந்த கதையை மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டேராடூனில் வேலை பார்த்தபோது, ஊரைவிட்டுப் போன ஒரு டாக்டரிடம் நீங்கள் வாங்கிய ஹெரால்டு கார் அது. மெட்ராஸில் செய்தது, வெளிர் நீலம், இரண்டே கதவு. பானெட்டைத் தூக்கினால் விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் சாயும். முதலை வாயைத் திறப்பதுபோல் இருக்கும் என்று சின்ன வயதில் நான் பின்னால் ஓடி ஒளிந்துகொள்வேனாம். வண்டியை எங்கே நிறுத்தினாலும் இறங்கியதும் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: "லைட் அணைச்சாச்சா?" ஒருமுறை சினிமாவுக்குப் போய் விளக்கை அணைக்க மறந்து, பாட்டரி தீர்ந்து, நாம் மூவரும் ராஜ்பூர் ரோடு முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்ததிலிருந்து அப்படி.

டெல்லிக்கு மாற்றலானபோது பக்கத்து வீட்டு நேகி அங்கிளின் ஷெட்டில் வண்டியை விட்டுவிட்டு, "அடுத்த லீவுக்கு வந்து எடுத்துக்கிடுவோம்" என்றீர்கள். ஒவ்வொரு லீவிலும் அதையே சொன்னீர்கள். பிறகு நீங்களே போய்விட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நேகி அங்கிள்தான் அதைக் கிளப்பி, தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்திருக்கிறார்.

அவர் இப்போது மகனோடு இருக்க லக்னோ போகிறார். வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று போன் வந்தது. உடனே மாமா மீரட்டில் ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுகிறவர்.

"யக்கா, மாடி வீட்டுக்காரங்களுக்கு எதுக்கு காரு? நீ சார்ட்டர்டு பஸ்ல போற, இவ ஸ்கூல் பஸ்ல போறா. அது கீழ நின்னு துருப்பிடிக்கத்தான் செய்யும்."

"அத்தான் ஆசையா வச்சிருந்த வண்டிலே" என்றாள் அம்மா.

"அதனாலதான் சொல்லுதேன். மாலை போட்டு ஊர்வலம் போற எடத்துக்குத்தான குடுக்கோம்?"

 கடைசியில் அம்மா, "மீரட்டு வழியாத்தான வரணும். எங்கயும் நிக்காம வந்துட்டா நம்ம வீட்டுக்கு. வழியில நின்னுட்டுன்னா, நீ சொல்லுத ஆளுக்கே குடுத்துருவோம்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் அப்பா? வேண்டும், வேண்டாம் இரண்டையும் சொல்ல முடியாமல் வண்டியையே சொல்லச் சொன்னாளோ?

ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் மூவரும் பஸ்ஸில் டேராடூன் போனோம். அம்மா டெல்லியிலிருந்தே நல்ல எலுமிச்சம்பழமாகப் பார்த்து, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு வாங்கி வந்திருந்தாள். கிளம்பும்போது சக்கரத்தின் அடியில் வைத்து நசுக்கத்தான். பழப்பையை நேகி ஆண்ட்டியின் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு ஷெட்டுக்கு வந்து வண்டியைத் துடைத்தாள். ஓரத்தில் கொஞ்சம் துருப்பிடித்ததைத் தவிர வேறு குறை இல்லை. நேகி அங்கிள் சாவியைத் திருப்பினார். அதே சத்தம்! எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்போது ஆண்ட்டி ஒரு தட்டு நிறைய டம்ளர்களோடு வந்தார். ஐஸ் மிதக்கும் சிக்கஞ்சி, அதுதான் அந்தப் பக்கத்து எலுமிச்சம்பழச் சர்பத். "என்ன அருமையான நிம்பூ! டெல்லியிலிருந்து சுமந்துகொண்டு வந்திருக்கிறீர்களே" என்று இந்தியில் பூரித்துப் போனார். மீதியை வழிக்கு என்று ஒரு ஃபிளாஸ்க்கிலும் நிரப்பி வைத்திருந்தார்.

அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "பஹுத் அச்சா ஹை, பாபிஜி" என்று ருசியைப் பாராட்டினாள். மாமாதான் என் காதருகே குனிந்து, "சக்கரத்துக்குக் கொண்டாந்தத நாம குடிச்சாச்சு. இனி நாமதான் உருளணும்" என்றார். வேறு பழம் தேடினால் ஆண்ட்டிக்குச் சங்கடமாகும் என்று அம்மா பானெட்டில் திருநீறு மட்டும் பூசி, "முருகன் பாத்துக்கிடுவான்" என்றாள்.

மாமாதான் ஓட்டினார். அம்மா வழக்கம்போல் இடது பக்கம், நான் பின்னால். மலை இறக்கத்தில் சால மரங்களுக்கு நடுவே குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன. ரூர்க்கி தாண்டியதும் இரண்டு பக்கமும் கரும்பு, கோதுமை, வெல்லம் காய்ச்சும் வாசனை. வெயில் ஏறிக்கொண்டே போனது. மாமா ஒவ்வொரு கியருக்கும் ஒரு தடவை முருகனைக் கூப்பிட்டார். நான் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்: நின்றுவிடாதே, நின்றுவிடாதே.

முசாபர்நகர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது.

இரண்டு தரம் இருமிவிட்டு, சாலை ஓரமாக, மரியாதையாகத்தான் நின்றது. கொஞ்ச நேரத்தில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் ப்ளக்கைத் துடை என்றார், ஒருவர் பாட்டரிதான் என்றார். கரும்பு டிராக்டரில் வந்தவர் இறங்காமலே, "பஹன்ஜி, இதைக் கொடுத்துவிட்டு ஒரு எருமை வாங்குங்கள். அது நின்றாலும் பால் தரும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவுக்கு அந்த யோசனைதான் பிடித்திருந்தது.

"சரிக்கா. பேசினது பேசினதுதான். ஒரு லாரியப் பிடிச்சு மீரட்டு வரைக்கும் கட்டி இழுத்துட்டுப் போயிருவோம்."

"எலுமிச்சம்பழம் வைக்காம எடுத்தோம் பாத்தியா" என்றாள் அம்மா.  நான் அழவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் முதல் வரியில் வாக்குக் கொடுத்துவிட்டேனே.

அம்மா இறங்கி, பானெட்டைத் திறந்து, உள்ளே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ஏட்டி, டிரைவர் சீட்டுக்கு அடியில கைய விட்டுப் பாரு" என்றாள். விட்டுப் பார்த்தேன். உங்கள் துண்டு. நீலக் கரை போட்ட துண்டு, மடித்த மடிப்பிலேயே அப்பளம்போல் காய்ந்து கிடந்தது. அம்மா அதை வாங்கி, "இன்னும் இங்கயேதான் கெடக்கா?" என்று துண்டிடமே கேட்டாள்.

வெயில் காலத்தில் ரிஷிகேஷ் போகும்போதெல்லாம் வண்டி இப்படி நின்றதாம். இன்ஜின் பக்கத்தில் இருக்கிற பெட்ரோல் பம்ப் சூடாகி உள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும், இன்ஜினுக்குப் போகாது. நீங்கள் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, அம்மா தண்ணீர் ஊற்றுவாளாம். அப்போது நான் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேனாம். எனக்குத் தெரியாமல் நீங்கள் இருவரும் இன்னும் என்னென்ன செய்திருக்கிறீர்கள்?

தண்ணீர் கேனை ரூர்க்கியிலேயே ரேடியேட்டருக்கு ஊற்றிக் காலி செய்துவிட்டார் மாமா. பக்கத்தில் குழாய் எதுவும் இல்லை. அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். "அந்த ஃபிளாஸ்க எடு."

"யக்கா! அதுல சீனி போட்டிருக்கு!" என்று மாமா அலறினார்.

"உள்ளயா ஊத்துதேன்? மேலதானலே சுத்துதேன். பிடி துண்ட."

ஐஸ் கரைந்து ஜில்லென்று இருந்த சிக்கஞ்சியில் துண்டை நனைத்து, மாமா பம்ப்பைச் சுற்றிப் பிடித்தார். நான் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. எருமைக்காரர்கூட டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். நெடுஞ்சாலையில் எலுமிச்சம்பழ வாசனை! நான்கு பழமும் கடைசியில் வண்டிக்குத்தான் போய்ச் சேர்ந்தன, அப்பா.

நாங்கள் பம்ப்பையே பார்த்துக்கொண்டிருந்ததில், அம்மா எப்போது டிரைவர் சீட்டில் ஏறினாள் என்று கவனிக்கவில்லை. டேராடூனில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டவிட்டதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் உட்காரவே இல்லை. சாவியைத் திருப்பினாள். இருமல். மறுபடியும் இருமல். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

"சட்டுனு ஏறுங்க! நான் ஆஃப் பண்ண மாட்டேன்!"

மாமா துண்டை என்னிடம் வீசிவிட்டு, பானெட்டை மூடி, முன் சீட்டை மடக்கிப் பின்னால் பாய்ந்தார். அதனால் முன்னால் இருந்த இடம் எனக்கு. கூட்டம் கை தட்டியது. அம்மா கண்ணாடியைச் சரிசெய்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கியரைப் போட்டாள்.

 கதௌலி தாண்டியதும் பின் சீட்டிலிருந்து மாமாவின் குரல் மெதுவாக, "நின்னுச்சேக்கா" என்று கேட்டது.

"நின்னுச்சு. நின்னா வித்துருவேன்னு சொன்னப்ப, நின்ன வண்டிய எடுக்கத் தெரியும்னு எனக்கே மறந்து போச்சுலே" என்றாள் அம்மா. ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.  மாமா பிறகு, "நல்லாத்தான்க்கா ஓட்டுத" என்றார். இதை மாமாவின் நல்ல பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

மீரட்டில், மாமா முன்பே சொல்லி வைத்திருந்த அந்த மனிதர் சாலையோரம் சாமந்தி மாலையோடு காத்துக்கொண்டிருந்தார். அம்மா இன்ஜினை அணைக்காமலே, வண்டி விற்பனைக்கு இல்லை, மன்னிக்க வேண்டும் என்றாள். அவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். "கோயி பாத் நஹீ, பரவாயில்லை. ஆனால் வாங்கிய மாலையை நான் யாருக்குப் போடுவது, பஹன்ஜி?" என்று, தானே பானெட்டில் கட்டிவிட்டார். உங்கள் ஹெரால்டு கல்யாண மாப்பிள்ளைபோல் டெல்லிக்குள் நுழைந்தது.

யமுனைப் பாலத்தில் இருட்டிவிட்டது. அம்மா விளக்குகளைப் போட்டாள். இரண்டும் எரிந்தன. வீட்டுக்குப் போகாமல் நேராக முருகன் கோயிலுக்கு, மலை மந்திர் அடிவாரத்துக்குத்தான் வந்தோம். பூக்கடையில் நான்கு எலுமிச்சம்பழம் வாங்கினோம். குருக்கள் மாலையைப் பார்த்து, "ஏற்கெனவே பூஜை ஆயிடுத்தா?" என்று கேட்டார். "பாதி ஆயிருக்கு சாமி" என்றார் மாமா. நான்கு பழமும் ஒழுங்காக நசுங்கின.

வந்து சேர்ந்த இந்த ராத்திரி, வண்டி நம் பிளாக்குக்குக் கீழே வேப்பமரத்தடியில் நிற்கிறது. எதிர் வீட்டு ஷர்மா அங்கிள், மேல் மாடி ஆண்ட்டி எல்லாரும் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். துண்டு முழுக்க எறும்பு. அம்மா அதைத் துவைத்துப் பால்கனியில் காயப்போட்டுவிட்டு, டிபன் செய்துகொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடுகிறாள். ரொம்ப நாளாயிற்று, இல்லையா?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். துண்டு காய்ந்ததும் அதே மடிப்பில் அதே சீட்டுக்கு அடியில் வைப்பேன். தண்ணீர் கேன் காலியாகாமல் பார்த்துக்கொள்வேன். வெயிலில் வண்டி எங்கே நின்றாலும், அம்மா சாவியைத் திருப்பும்போது ஊற்றுகிற கை என்னுடையதாக இருக்கும்.

இன்று முதல் முன் சீட்டில் உட்காரும்,
உங்கள் மகள்
கோமதி

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பால்கனிக்கு வந்தால், வேப்பமரம் அடியிலிருந்து உச்சி வரை மஞ்சளாக எரிகிறது. எல்லாரும் வந்து பேசிய சந்தோஷத்தில் அம்மாவும் மறந்துவிட்டாள், நானும் மறந்துவிட்டேன், கேட்பதற்கு நீங்களும் இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடிப் போய்விட்டு வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன். லைட் அணைச்சாச்சு, அப்பா.