உருண்டையில் வைத்த நூல்

அன்பு மகள் ஷீபாவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தர் தயவில் காக்ஸ் டவுனில் நாங்கள் இருவரும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை நீலும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் ஜெபம். பச்சை உடம்பு, வான்கூவர் குளிரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு இருக்காதே. போனில் பேசினால் டாடி காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்காருகிறார், அதனால்தான் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன்.

பிரசவத்துக்கு நாங்கள் வரவில்லையே என்று நீ வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் உன் குரலில் தெரிகிறது. விசா கையில் இருந்தது. டாடியின் நெஞ்சில் சுரங்கத் தூசி இருக்கிறதே, ஒரு நாள் முழுக்க விமானத்தில் உட்கார வேண்டாம், அதற்குக் குறைவென்றால் போய் வாருங்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். ஏஜெண்டும் இருபது மணி நேரம்தான் பறக்க வேண்டும் என்றான். உன் டாடி நம்பினால்தானே. கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் சர்வேயருக்கு அளவுச் சங்கிலி பிடித்தவராயிற்றே, தானே அளந்தால்தான் அவருக்குக் கணக்கு. சர்ச் ஹால் சுவரில் இருக்கும் உலகப் படத்தில், பெங்களூர் ஏர்போர்ட்டிலிருந்து மேற்கே உங்கள் ஏர்போர்ட் வரை நூலை இழுத்துப் பிடித்து, சுரங்க பிளானில் அளப்பது போலவே அளந்தார். இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் வந்தது. அதை விமான வேகத்தால் வகுத்து, ஒரு நாளுக்கு மேல் ஆகும், ஏஜெண்ட் டிக்கெட் விற்கப் பொய் சொல்கிறான் என்று முடித்துவிட்டார். அவரைத் தனியே விட்டு வர எனக்கும் மனம் வரவில்லை. நீ அங்கே ஒற்றையாய்ப் பெற்றெடுத்தாய்.

குழந்தை பிறந்த பிறகு, அங்கே இப்போது இரவா பகலா, பிள்ளை தூங்குமா என்று இவருக்கு ஓயாத கேள்வி. கீழ்வீட்டு டிரேவர் வாத்தியார் பொறுக்கமாட்டாமல் பள்ளிக்கூடத்திலிருந்து பூமி உருண்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். டாடி சும்மா இருப்பாரா, அதிலும் நூலை வைத்தார். நூல் மேற்கே போகாமல் வடக்கே ஏறி, பனிப் பிரதேசத்தைத் தாண்டி உங்கள் ஊரில் இறங்கியது. பதிமூவாயிரம்கூட வரவில்லை. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். பூமிக்குள் ஒரு அங்குலம் தப்பாதவன், பூமி உருண்டை என்பதை மறந்துட்டேனே பிரிசில்லா என்றார். அன்று சாப்பிடவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

இப்போது போகலாமென்றால், போன மாதம் வந்த சளிக்குப் பிறகு விமானமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ போய்ட்டு வா, நான் இருந்துக்கறேன் என்று இவரே என்னைத் துரத்துகிறார். டிரேவர் மனைவி சாப்பாடு பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஞானஸ்நானத்துக்கு நான் மட்டும் வருகிறேன். டாடியிடம் தூரத்தைப் பற்றி எதுவும் கேட்டுவிடாதே, தாங்கமாட்டார்.

என் பெட்டியில் அதே நூல்கண்டை வைத்திருக்கிறார். கொழந்தைய நேரா படுக்க வெச்சு, உச்சந்தலையிலிருந்து குதிங்கால் வரைக்கும் நூல் புடிச்சு வெட்டிக் கொண்டா, அந்தத் தூரமாவது என் கைக்குள்ள இருக்கட்டும் என்கிறார்.

கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. வீட்டில் கத்தரிக்கோல் இருக்கிறதா, பார்த்து வை.

உன் அம்மா,
பிரிசில்லா தாஸ்