இறுகிய சர்க்கரை டப்பா

கோபக்காரிக்கு,

இரவு வேலை முடிந்து நீ வரும்போது நான் இருக்க மாட்டேன். குக்கரில் சோறு இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் படு. வண்டிச் சாவி ஆணியில் தொங்குகிறது, நான் பஸ்ஸில்தான் போகிறேன்.

நேற்று நீ, "கை இன்னும் சரியாகல, அந்த நஷ்டஈட்டு கேஸை மறுபடி எடுங்க"ன்னு சொன்னாய். "என் கைக்கு ஒண்ணுமில்ல. நீ முதல்ல டப்பாவை ஒழுங்கா மூடு, எறும்பு மேயுது"ன்னு எரிந்து விழுந்தேன். நீ எல்லா மூடியையும் இறுக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டாய்.

காலையில் காப்பி போட்டால் சர்க்கரை டப்பா திறக்கவில்லை. துணி சுற்றித் திருகினேன், தொடையிடுக்கில் வைத்துத் திருகினேன். மூடி அசையவில்லை, மணிக்கட்டில்தான் உயிர் போனது.

அட்டைப்பெட்டி மெஷினில் சிக்கிய கை ஆறிவிட்டது என்று கையெழுத்துப் போட்டு கேஸை முடித்துக்கொண்டவன் நான். அது ஆறவே இல்லை என்பது எனக்கே தெரியாதபடி பார்த்துக்கொண்டவள் நீ. இத்தனை வருடமாக மூடிகளைத் தளர்த்தி வைத்துவிட்டு, அதற்குத் திட்டும் வாங்கிக்கொண்டாயே! கசப்புக் காப்பியைக் குடித்துக்கொண்டே உன்னைக் கும்பிட்டேன்.

கேஸைத் திரும்ப எடுக்கச் சான்று வேண்டும், டாக்டரிடம் போகிறேன்.

பி.கு.: சர்க்கரை டப்பாவைத் தேடாதே, என்னோடு வருகிறது. "இப்ப எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டால் என் பாழும் வாய் "பரவாயில்ல"ன்னு சொல்லிவிடும். அதற்குமுன் டப்பாவை அவர் மேசையில் வைத்துவிடுவேன்.

அவர் திறந்து கொடுத்தால் இறுக்காமலே கொண்டுவருகிறேன். எறும்பு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.