மூன்றாவது ரேக்கைக் கலைத்தேன்

அல் ஐன்
12.10.2004, செவ்வாய்

என் ஆசை மகள் அகிலாவுக்கு அப்பா கார்மேகம் எழுதுவது. ஆத்தா, காளியம்மன் புண்ணியத்தில் இங்கே நான் நல்ல சுகம், முதுகு மட்டும் இரண்டு நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது ஏன் என்று கீழே சொல்கிறேன். நீ எப்படி இருக்கிறாய், ஹாஸ்டல் சாப்பாடு தேவலையா, சளி விட்டதா? வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மூன்று தடவை ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். மூன்று தடவையும் நீ குளித்துக்கொண்டிருப்பதாக வார்டன் அம்மா சொன்னார்கள். அவ்வளவு குளித்திருந்தால் திருச்சியில் காவிரியே வற்றியிருக்கும். உனக்கு என்மேல் கோபம் என்று தெரியும். கோபப்படு, உரிமை இருக்கிறது, இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மா புது கிரைண்டர் வாங்கிவிட்டாள், மாவாட்டினால் பக்கத்து வீட்டுப் பாத்திரமும் சேர்ந்து ஆடுகிறதாம். உன் தம்பி மணிமாறன் கணக்கில் முப்பத்தெட்டு வாங்கிவிட்டு, வகுப்பிலேயே முப்பத்தெட்டு வாங்கியது தான் ஒருவன்தான் என்று பெருமையாகச் சொல்கிறான். அவனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். காலேஜ்களுக்கு இடையிலான பாட்டுப் போட்டியில் மேற்கத்திய இசையில் தனியாகப் பாட நீ பெயர் கொடுத்தாய். கான்வென்ட்டில் சிஸ்டரிடம் ஏழு வருஷம் நோட்ஸ் பார்த்துப் பாடக் கற்றவள் நீ. அதை இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, உன் நிறத்துக்கும் முகத்துக்கும் கிராமியப் பாட்டுத்தான் எடுக்கும், கண்டாங்கி கட்டிக்கொண்டு அதைப் பாடு என்று உங்கள் மிஸ் சொல்லிவிட்டார்கள். பாட்டே வேண்டாம், பெயரை அடித்துவிடப் போகிறேன் என்று நீ அழுதாய். அப்போது நான் என்ன சொன்னேன்? "விடு ஆத்தா, அவங்க சொல்றதும் நியாயந்தானே, உனக்கு அதுதான் பொருந்தும்." நீ சரிப்பா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். சண்டை போட்டிருந்தால்கூட நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இப்போது என் கடைக் கதையைக் கேள். பதினோரு வருஷமாக இந்த கேசட், சிடி கடையில் நிற்கிறேன். எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். புதுச் சரக்கு வந்தால் அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்து அடுக்குவேன். வெள்ளைக்காரர்களுக்குப் பாப், ராக், ஜாஸ், கிளாசிக்கல் என்று எனக்கு முன்னால் இருந்தவர் நான்கு இடம் பிரித்து வைத்திருந்தார். கறுப்பு முகம் என்றால் யோசிக்கவே மாட்டேன், நேரே மூன்றாவது ரேக். அதன் மேலே பிளாக் என்று மார்க்கரால் நானே எழுதி ஒட்டியிருந்தேன், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பெருமை வேறு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சூடான் நாட்டு அம்மா வந்தார்கள், இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பியானோ டீச்சராம், என் வயசு இருக்கும். மரியன் ஆண்டர்சன் பாடிய சிடி இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் மூன்றாவது ரேக்கைக் கிளறினேன். அவர்களும் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார்கள். மைக்கேல் ஜாக்சனின் சின்ன வயசு சிடி மூன்றாவது ரேக்கில் இருக்கிறது, தோல் நோய் வந்து வெளுத்த பிறகு வந்த சிடியை நான் வெள்ளைக்காரர்களோடு பாப்பில் வைத்திருக்கிறேன். ஒரே ஆளை இரண்டாக வகுந்து வைத்திருக்கிறாயே என்று கேட்டார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேடம், தேடுவதற்குச் சுலபம் என்று எனக்குத் தெரிந்த அரபியில் சமாளித்தேன். அவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஜாடையில்லாமல் நேராகக் கேட்டார்கள்: "இவர்களுக்கு இந்த இடம்தான் பொருந்தும் என்று யார் முடிவு செய்தது?"

பொருந்தும். அதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் நான் உன்னிடம் சொன்ன அதே சொல். அந்த அம்மாவுக்கு டீ வரவழைத்து ஸ்டூல் போட்டேன். அவர்கள் ஒவ்வொரு சிடியாக எடுத்துச் சொல்லச் சொல்ல நான் துண்டுத் தாளில் தமிழில் எழுதிக்கொண்டேன். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ட்ரம்பெட் இல்லாமல் ஜாஸ் ஏது, அவர் ஜாஸில்தான் முதலில் நிற்க வேண்டும் என்றார்கள். ஜூன் மாதம் காலமான ரே சார்லஸ், பாவம், ஏழு வயசிலேயே கண் போனவர், சர்ச்சில் பாடுகிற தோரணையைக் காதல் பாட்டில் கொண்டுவந்தாராம், அதைத்தான் சோல் என்கிறார்கள், அது போதாதென்று வெள்ளைக்காரர்களின் நாட்டுப்புறப் பாட்டையும் எடுத்துத் தன் பாணியில் பாடிவிட்டாராம். இவரை எங்கே வைப்பது என்று கேட்டேன், இரண்டு இடத்திலும் வை, வியாபாரம் கூடும் என்றார்கள். நீனா சிமோன் சின்னப் பிள்ளையிலிருந்து கிளாசிக்கல் பியானோ படித்தவர், பெரிய இசைப்பள்ளியில் இடம் தரவில்லை, நிறத்தால்தான் தரவில்லை என்று கடைசிவரை சொன்னாராம். பிறகு ஒரு மதுக்கடையில் பியானோ வாசிக்கப் போனவரிடம், பாடவும் செய்தால்தான் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படிப் பாட ஆரம்பித்தவரின் குரலை அந்த அம்மா போட்டுக் காட்டினார்கள். உன்னுடையதைப் போலக் கனத்த குரல், என் கடையில் இத்தனை நாள் சும்மா கிடந்திருக்கிறது.

அந்த அம்மா தேடி வந்த மரியன் ஆண்டர்சன் முழுக்க முழுக்கக் கிளாசிக்கல். 1939இல் வாஷிங்டனில் கறுப்பர் என்பதால் மண்டபம் தர மறுத்துவிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை ஆத்தா. திறந்தவெளியில், லிங்கன் சிலை இருக்கும் மண்டபத்துப் படியில் நின்று பாடினார், எழுபத்தைந்தாயிரம் பேர் கேட்டார்கள். இதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏசிக் காற்று என்று சொல்லிச் சமாளித்தேன், அவர்கள் நம்பவில்லை.

அன்றைக்கே மூன்றாவது ரேக்கைத் தரையில் கொட்டினேன். முதலாளி மஹ்மூது உள்ளே வந்து கால் வைக்க இடமில்லாமல், க்யா ஹுவா பாய், என்ன ஆச்சு, கடையைக் காலி பண்ணுகிறாயா என்று அலறினார். விஷயத்தைச் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டு, சரி, நோன்புக்குள் கலாஸ் பண்ணு, முடித்துவிடு என்றார். நேற்றும் இன்றும் குனிந்து நிமிர்ந்ததில்தான் இந்த முதுகுவலி. பிளாக் என்று நான் எழுதிய அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கிராமியப் பாட்டு மட்டமானது என்று நான் சொல்லவில்லை, உனக்கு ஆசை வந்தால் அதையும் பாடு. ஆனால் உன் முகத்தைப் பார்த்து உன் பாட்டை இன்னொருவர் முடிவு செய்யக் கூடாது, பெற்ற அப்பனாக இருந்தாலும். உன் நிறம் என் நிறம்தானே, பெயரே கார்மேகம் என்று வைத்துக்கொண்டு நான் அப்படிப் பேசியிருக்கலாமா? தப்பு என்னுடையது. என்னை மன்னிச்சுரு ஆத்தா. பெயர்ப் பட்டியல் வருகிற திங்கட்கிழமை முடிகிறது என்று அம்மா சொன்னாள். மிஸ்ஸிடம் போய், எல்லோருக்கும் போல எனக்கும் பாடிக் காட்ட ஒரு வாய்ப்புக் கொடுங்கள், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று மரியாதையாகக் கேள். தரவில்லை என்றாலும் பாட்டை விடாதே.

என் ரூமில் இருக்கும் காதர் மைதீன் நோன்புக்கு ஊருக்குப் போகிறான், சனிக்கிழமை ஹாஸ்டலில் இந்தக் கடிதத்தைக் கொடுப்பான். கூடவே மரியன் ஆண்டர்சன் சிடி ஒன்றும், பாதாம் ஒரு பொட்டலமும், சளிக்குத் தைலமும், ஒரு வெற்றுக் கேசட்டும் இருக்கும். கேசட்டில் உனக்குப் பிடித்ததைப் பாடிப் பதிந்து, அவன் திரும்பி வரும்போது அவனிடமே கொடுத்தனுப்பு. அட்டையில் உன் படம் ஒட்ட வேண்டாம். என்ன இசை என்று உன் கையாலேயே எழுது, நீ எழுதிய இடத்தில்தான் அப்பா வைப்பேன்.

நூறு வருஷம் நன்றாக இரு, உன் குரலும் உன்னோடு நன்றாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஹாஸ்டலுக்குப் போன் போடுவேன். அதற்குள் குளித்துவிடு.

உன் அப்பா,
க. கார்மேகம்