பூச்சி கடிக்காத கீரை

மார்ச் 3, திங்கள்

எனக்கு இனிப்பு நீராம், சர்க்கரை வியாதி. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி ஒரு தட்டைப் படம் போட்டுக் காட்டினார். பாதித் தட்டு கீரையும் காயும், கால் பங்கு சோறு, மீதியில் மீனோ முட்டையோ. தேத்தண்ணிக்குச் சீனி கூடாது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு இதைவிடக் கொடுமை உண்டா? “கவனிக்காம விட்டா கண்ணு போயிடும்மா” என்றார். பயந்துவிட்டேன்.

மார்ச் 8

ஜெயாவிடம் நேற்றுதான் சொன்னேன். ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர்கள் நாங்கள். இப்போது அவளும் புருஷனும் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கே பை நிறைய கீரையும் சாலட் இலையும் கொண்டு வந்துவிட்டாள்.

“நாங்க சாப்பிடுறதுதான்டி இது. மருந்தே அடிக்கல. பச்சையாவே சாப்பிடுலா.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏப்ரல் 2

வாராவாரம் பை வருகிறது. சோற்றுக்கு முன் ஒரு தட்டு இலை என்று பழகிவிட்டேன். ஒரு ஓட்டை கிடையாது, அத்தனை பளபளப்பு. எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஜெயா வீட்டில் பேரன் பிறந்தநாள். சமையலுக்கு உதவப் போனேன். கீரை பறிக்கவென்று வீட்டின் முன்னால் இருந்த பாத்தியில் கை வைத்ததுதான் தாமதம், அவள் மாமியார் வடிவம்மாள் கத்தினார்.

“ஐயோ, அத தொடாத! அது லோரியில சந்தைக்குப் போறது. நேத்துதான் மருந்து அடிச்சாங்க. வீட்டுக்கு வேண்டியது பின்னால இருக்கு.”

பின்னால் போய்ப் பார்த்தேன். சின்னப் பாத்தி. இலையெல்லாம் ஓட்டை, பூச்சி தின்றது போக மிச்சம். எனக்கு வந்த பையில் என்றைக்காவது ஓட்டை விழுந்த இலை இருந்ததா?

ஜெயா அடுப்படி வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு எண்ணெய்ச் சட்டி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 21

குடுக்காமலே இருந்திருக்கலாமே! கடையில வாங்கியிருந்தா ஊறப்போட்டு நல்லா கழுவியிருப்பேன். இவ சொன்னத நம்பி, சும்மா தண்ணியில காட்டிட்டு தின்னேனே — நான் நோயாளின்னு தெரிஞ்சுமா குடுத்தா? பாவி.

ஏப்ரல் 25

சீனி இறங்கியிருக்கிறது. மிஸ்ஸி பாராட்டினார். அதற்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

ஏப்ரல் 27

ஜெயா வந்தாள். கையில் அதே மாதிரி பை.

“அத்தை வயசானவங்க, ஏதாச்சும் உளறுவாங்க. இது எங்க பின் பாத்தியில பறிச்சது.”

இலையை ஒரு தடவை அலசி, இரண்டு தட்டில் வைத்து, எலுமிச்சை பிழிந்தேன்.

“சாப்பிடுடி, சேர்ந்தே சாப்பிடலாம்” என்றேன்.

தேத்தண்ணியை மட்டும் குடித்தாள். சீனி போடாததைக்கூட முகம் சுளிக்காமல் குடித்தாள். கடைசியில் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

“பசியில்லலா.”

அவள் போனதும் இரண்டு தட்டையும் குப்பையில் கொட்டினேன். கம்போங் ராஜாவில் ஜலால் கடையில் வாங்கி வந்த முட்டைக்கோஸை இலை இலையாகப் பிரித்து, நிறைய தண்ணீரில் ஊறப்போட்டேன்.